அண்ணன் பார்வை

எனக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சினிமாவில் அது யாருக்கும் தெரியாது. முப்பது வருடமாக நான் 'கண்கொத்தி'. கண்கொத்திப் பாம்பு மாதிரி பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. முந்தைய ஷாட்டில் தம்ளர் எந்தக் கையில் இருந்தது, சட்டையின் மேல் பொத்தான் போட்டிருந்ததா, கண்ணீர் கன்னத்தில் எதுவரை இறங்கியிருந்தது என்று எல்லாவற்றையும் தாளில் குறித்து வைப்பேன். கன்டினியூட்டி என்பார்கள். படத்தில் தப்பு இருந்தால் ஊர் சிரிக்கும். இல்லாவிட்டால் நான் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதே யாருக்கும் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

வேலையை விட்டு நான்கு வருடம் ஆகியிருந்தபோது சின்னவர் போன் செய்தார். எங்கள் பழைய டைரக்டரின் மகன். அப்பா பெரியவர், மகன் சின்னவர். இடுப்பில் தூக்கி வைத்திருந்த பிள்ளையை 'அவர்' என்று சொல்ல வாய் கூசுகிறது, என்ன செய்வது, டைரக்டர் ஆயிற்றே.

"அக்கா, அஞ்சாவது பாகம் எடுக்கறேன். நீங்க வந்தே ஆகணும்."

"நாலோட நிறுத்தினதுதான் உங்கப்பா செஞ்ச நல்ல காரியம்."

"அக்கா, நீங்க இல்லாம அந்த வீட்டை எப்படிக் கட்டுவேன்?"

"எப்ப வரணும்?" என்றேன். கெஞ்சினால் நான் உடனே இறங்கிவிடுவேன். அது அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

அந்த நான்கு படங்களைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வாடகை வீடு. தபால்காரர் அப்பா, தையல் மிஷினோடு அம்மா, ஒரு அண்ணன், ஒரு தங்கை. வில்லன் கிடையாது. சண்டை வந்தால் சாப்பாட்டு நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆறு வருடத்தில் நான்கு படம் வந்தது, நான்கும் ஓடு ஓடென்று ஓடின. ஒவ்வொன்றிலும் ஓர் இடத்தில் தங்கை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். அண்ணன் வந்து அவள் உச்சந்தலையில் இரண்டு விரலை மடக்கி ஒரு குட்டு வைப்பான். அவள் நிமிர்ந்து பார்க்காமலே "வலிக்கலையே" என்பாள். அவ்வளவுதான். அதற்கு தியேட்டரே எழுந்து கைதட்டும். அப்புறம் அந்த நடிகர் எங்கே போனாலும் தாய்மார்கள் தங்கள் பெண்ணை முன்னால் தள்ளி, "இவ தலையிலயும் ஒரு குட்டு வைங்க" என்று நிற்பார்கள்.

நிஜத்தில் அவர்கள் இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் நாள் படப்பிடிப்பில்தான் ஒருவரை ஒருவர் முதன்முதலில் பார்த்தார்கள். ஆனால் ஊர் விட்டதா? பேங்க் மேனேஜர்கூட எழுந்து நின்று "வாங்க தங்கச்சி" என்பார். அண்ணன் என்னைவிட மூன்று வயது சின்னவர். நானும் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவேன். இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு, தங்கச்சிக்கு ஐம்பத்தொன்று. அப்பாவாகவும் அம்மாவாகவும் நடித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஐந்தாம் பாகத்தின் கதை சிறியது. வீட்டுக்காரர் வீட்டை இடிக்கப் போகிறார். பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணனும் தங்கையும் மிச்ச சாமான்களை எடுக்க வருகிறார்கள். ஒரு பகல் முழுக்க மூட்டை கட்டுகிறார்கள், கடைசியில் குட்டு. என் பழைய நோட்டுகளையும் போட்டோக்களையும் வைத்து அந்த வீட்டை ஸ்டூடியோவுக்குள் அப்படியே கட்டியிருந்தார்கள். நான் போனதும் முதல் வேலையாக, ஸ்விட்ச் போர்டு நான்கு விரல்கடை உயரமாக இருக்கிறது என்று சொல்லி ஆர்ட் டைரக்டரின் சாபத்தை வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை குட்டு சீனுக்கு வந்தோம். தங்கச்சி தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றுகிறார். அண்ணன் பின்னால் வந்து நிற்கிறார். கை மேலே போகிறது. தலைக்கு அரை அடி தூரத்தில் நின்று, பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

"ஒன் மோர்" என்றார் சின்னவர்.

இரண்டாவது தடவையும் கை பெட்டிக்குப் போனது. மூன்றாவதில் அவர் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஐந்தாவதில் கையே எழும்பவில்லை. தங்கச்சியோ திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே குக்கர் மூடியை ஐந்து தடவை சுற்றினார், அவிழ்த்தார். ஷாட்டுக்கு நடுவில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒன்பது நாளாகவே அப்படித்தான். வசனத்தில் இருப்பதைப் பேசினார்கள், கட் சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். கதைக்காகப் பாத்திரத்திலேயே இருக்கிறார்கள் என்று யூனிட்டில் மெச்சிக்கொண்டார்கள். நான் மட்டும் மெச்சவில்லை.

ஆறாவதில் அண்ணன், "இந்தக் குட்டு வேணாம் சார், வேற ஏதாவது வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு மேக்கப் ரூமுக்குப் போய்விட்டார்.

சின்னவர் முகத்தில் ஈயாடவில்லை. என் நாற்காலி பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, இது இல்லன்னா படமே இல்ல. ஜனங்க இதுக்குத்தான் வருவாங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"நான் சொன்னா ஏன் கேக்கணும்?"

"பழைய ஆளுங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம்."

அதுதான் என் பயமும். பழைய ஆட்களில் மிச்சம் நான் ஒருத்தி. நடந்தது என்னவென்று தெரிந்தவளும் நான் ஒருத்திதான்.

நாலாவது படம் எடுத்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. எல்லோரையும்விட எனக்குத்தான் கண் கூர்மை என்று காட்டிக்கொள்ள வேண்டும். ஒரு சீனில் தங்கை பரீட்சைக்குப் படித்துக்கொண்டே மேஜையில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள். அண்ணன் வந்து நாற்காலியில் கிடக்கும் துண்டை எடுத்து அவள் மேல் போர்த்திவிட்டுப் போக வேண்டும். எடுத்தோம். பெரியவர் ஓகே என்றார். நான் பார்த்தேன், மூக்கில் வியர்த்துவிட்டது. அன்றைய ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'இது அண்ணன் பார்வை இல்லை. மறுபடி எடுக்கலாம்.'

பெரியவர் காதில் கிசுகிசுத்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் எழுதினேன். எங்கள் ரிப்போர்ட் கார்பன் வைத்து மூன்று பிரதி போகும். ஒன்று டைரக்டருக்கு, ஒன்று எடிட்டிங்குக்கு, மஞ்சள் தாளில் ஒன்று தயாரிப்பாளர் முதலாளியின் ஆபீசுக்கு. மூன்றாவது பிரதியை யாராவது படிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. முதலாளி படித்தார்.

மறுநாள் அந்த சீனைத் திரும்ப எடுத்தோம், முந்தையது குப்பைக்குப் போனது. அந்த வாரமே முதலாளி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் விரும்பியது காதும் காதும் வைத்தாற்போல் இருந்த விஷயம், எனக்கே தெரியாது. நான் எழுதியது வெறும் பார்வைத் தப்பு என்றுதான் நினைத்தேன். அண்ணன் தங்கை கல்யாணம் செய்துகொண்டால் தியேட்டரைக் கொளுத்துவார்கள் என்றாராம் முதலாளி. பத்து மாதத்தில் தங்கச்சிக்கு ஒரு பல் டாக்டரோடு கல்யாணம் ஆயிற்று. கல்யாணப் போட்டோவில் பக்கத்தில் அண்ணன் நின்றார். 'தங்கையை வழியனுப்பிய அண்ணன் கண்ணீர்' என்று பத்திரிகைகள் போட்டன. ஊர் அதைப் பார்த்து உருகியது. இரண்டு வருடம் கழித்து மேக்கப்மேன் ஒருவர், முதலாளி மேஜையில் என் மஞ்சள் தாள் கிடந்ததைப் பார்த்ததாகச் சொன்னார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

அண்ணன் மேக்கப் ரூமில் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"சின்னவர் அனுப்பினாரா?"

"ஆமா அண்ணே. கை ஏன் வரல?"

கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார். "எத்தனை தலையில குட்டியிருக்கேன் தெரியுமாக்கா? ஆஸ்பத்திரியில ஒரு பாட்டி தலையில எல்லாம் குட்டியிருக்கேன். அவ தலைகிட்ட போனா மட்டும் கை கனமாயிடுது. நெஜமாவே வலிக்கற மாதிரி குட்டிடுவேனோன்னு பயமா இருக்கு."

"ஏன் அப்படி?"

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. ஒரு காலத்துல எங்களுக்குள்ள ஒண்ணு இருந்தது. எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். முதலாளிகிட்ட போயிடுச்சு. நான் சொல்லல. அப்ப யாரு சொல்லியிருப்பா?"



"அவங்க சொன்னாங்கன்னு நெனைக்கறீங்களா?"

"பயந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். சின்ன வயசு, வீட்டுல கெடுபிடி. அவ என்ன நெனைக்கறான்னும் தெரியும். நான்தான் சான்ஸ் போயிடுமோன்னு போய் உளறிட்டேன்னு அவளுக்கு. கல்யாணத்தன்னைக்கு போட்டோவுக்கு நிக்கும்போது மெல்லமா கேட்டா, 'இப்ப நிம்மதியா?'ன்னு. அவ்வளவுதான் அவ பேசினது."

"இருபத்தாறு வருஷமா நீங்களும் கேக்கலையா?"

"எப்படிக் கேக்கறது? டாக்டருக்குப் பொண்டாட்டியா நல்லபடியா இருந்தா. அவரும் தங்கமான மனுஷன். அவர் போய் எட்டு வருஷம் ஆச்சு. இந்தப் படத்துக்கு ஏன் சம்மதிச்சேன்னு நெனைக்கறீங்க? ஒருநாளாவது பேசுவான்னுதான்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு வெளியே வந்தேன். என்னால் ஒரு காதல் போயிற்று என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதையும் முதலாளி எப்படியாவது கெடுத்திருப்பார் என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வேன். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்தவராக நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பழியை நான் இரண்டு பேர் தலையிலும் வைத்துவிட்டு, ஸ்விட்ச் போர்டு உயரத்தை அளந்துகொண்டிருந்திருக்கிறேன். என்மீதே எனக்குக் காறித் துப்பலாம் போல் இருந்தது.

தங்கச்சியின் ரூம் எதிரில்தான். கதவைத் தட்டினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. என்னை சமாதானம் பண்ண வந்தீங்களா? நான் ஒழுங்காத்தானே உக்காந்திருக்கேன். அவருக்குத்தான் கை வரல."

உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். மேஜை சீன், ரிப்போர்ட், மூன்றாவது பிரதி, முதலாளி மேஜை, மேக்கப்மேன். சுற்றி வளைக்காமல், ரிப்போர்ட் படிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். எனக்கு வேறு விதமாகப் பேசத் தெரியாது.

"அவர் யார்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லல. நான்தான்."

தங்கச்சி டீ தம்ளரைக் கீழே வைத்தார். 

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"இருபத்து நாலு வருஷமா."

"என் வீட்டுக்குப் பத்து தடவையாவது வந்திருப்பீங்க. என் பொண்ணு பொறந்தப்ப வந்தீங்க. எம் புருஷன் தவறினப்ப வந்து என் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க."

"ஆமா."

"ஒரு தடவைகூட வாய் வரலையா?"

"பயமா இருந்ததும்மா. என்னை வீட்டுக்குள்ள விட மாட்டியோன்னு."

"எல்லாத்தையும் பாப்பீங்க. கண்ணாடியில விழுந்த நிழலைக்கூடப் பாப்பீங்க. என் மூஞ்சியில ஒண்ணும் தெரியலையா உங்களுக்கு?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வெளிய போங்கக்கா" என்றார்.

போனேன். ஸ்டூடியோ வாசலில் லைட்மேன்கள் சீட்டாடிக்கொண்டிருந்த பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் தங்கச்சியின் கதவு திறந்தது. அவர் எதிர் ரூமுக்குப் போய்த் தட்டாமல் உள்ளே நுழைந்தார். கதவு சாத்திக்கொண்டது. சின்னவர் என்னிடம் வந்து, "என்னக்கா ஆச்சு?" என்றார். "பேசாம போய் உக்காரு தம்பி" என்றேன். டைரக்டரை அப்படிச் சொல்லக் கூடாதுதான். அவரும் பேசாமல் போய் உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. இருவரும் வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது, மேக்கப்மேன் தலையில் அடித்துக்கொண்டார். திரும்பப் பூசி முடிக்க இன்னும் அரை மணி.

ஷாட் போனோம். தங்கச்சி குக்கர் மூடியைச் சுற்றினார். அண்ணன் பின்னால் வந்தார். கை போனது, இரண்டு விரல் மடங்கியது, உச்சந்தலையில் ஒரு குட்டு. "வலிக்கலையே" என்றார் தங்கச்சி, நிமிராமல். ஒரே டேக். அசல் அண்ணன், அசல் தங்கை. கேமராமேன் சட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் ஒன்று புரிந்தது. நிஜமானது அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தால் மனிதர்கள் எதையும் நடித்துவிடுவார்கள். காலையில் அவருக்கு நடிக்க இடமே இல்லாமல் இருந்தது.

"அக்கா, பார்வை எல்லாம் ஓகேவா?" என்றார் சின்னவர். வழக்கமான கேள்விதான். எனக்குச் சுருக்கென்றது. ஓகே என்று தலையை ஆட்டினேன்.

பேக்கப் ஆன பிறகு நோட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து வரப்போவதில்லை என்று சின்னவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசனை. தங்கச்சி கூப்பிடுவதாக ஹேர் டிரஸ்ஸர் வந்து சொன்னார்.

தங்கச்சி பஞ்சால் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் படத்துத் தங்கை, பாதி முகம் அவர்.

"கதவைச் சாத்துங்க" என்றார். சாத்தினேன்.

"உங்க மேல கோபம் இருக்கு. போகுமான்னு தெரியல. போனாலும் நாளாகும்."

"சரிம்மா."

"அவர் கேட்டிருக்கார். இனிமேயாவது ஒரே வீட்டுல இருக்கலாமான்னு. யோசிக்கணும்னு சொல்லியிருக்கேன். அம்பத்தொரு வயசுல என்ன யோசனைன்னு கேக்காதீங்க. எம்பொண்ணு இருக்கா. ஊர் வேற இருக்கு. படம் வந்ததும் ஊரெல்லாம் எங்களை மறுபடியும் அண்ணன் தங்கச்சின்னுதான் கூப்பிடும்."

"நான் கேக்கலம்மா."

பஞ்சை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "எனக்கு உங்ககிட்ட ஒண்ணு தெரியணும். அந்த ஷாட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க. அவருக்கே ஞாபகம் இல்லையாம், எப்படிப் பாத்தேன்னு எனக்கு எப்படித் தெரியும்ங்கறார். பெரியவரும் இல்ல. அதைப் பாத்தவங்கள்ல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. நான் கண்ணை மூடிட்டிருந்தேன். சொல்லுங்க, அவர் எப்படிப் பாத்தார்?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். நோட்டு தேவைப்படவில்லை.

"நீ வலது கன்னம் மேஜையில படற மாதிரி சாஞ்சிருந்தே. இடது கை நோட்டு மேல. அவர் உள்ள வந்து நாற்காலியிலேர்ந்து துண்டை எடுத்தார். உடனே போர்த்தணும், ஆனா போர்த்தல. ஃபேன் காத்துல உன் நோட்டுல ஒரு பக்கம் படபடன்னு அடிச்சுக்கிட்டிருந்தது. அந்தச் சத்தத்துல நீ முழிச்சுக்குவேன்னு ஒரு விரலால அதை அமுக்கிப் புடிச்சார். சீன்ல அது கிடையாது. நீ நடிக்கறேன்னு அவருக்குத் தெரியும், ஆனாலும் அமுக்கிப் புடிச்சார். விரலை எடுக்காம அப்படியே உன்னைப் பாத்துக்கிட்டு நின்னார். மூச்சு விட்டாகூட உன் தூக்கம் கலைஞ்சிடுமோங்கற மாதிரி. பதினோரு நொடி. அப்புறம்தான் துண்டைப் போத்தினார்."

"பதினொண்ணா?"

"பதினொண்ணு. ஸ்டாப்வாட்ச் என் கையிலதான் இருந்தது."

தங்கச்சியின் துடைக்காத பாதி முகத்தில் கண்ணீர் பவுடரைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

"நான் தூங்கலையேக்கா. அந்தப் பக்கம் படபடக்கறது நின்னது எனக்குக் கேட்டது. கண்ணைத் திறந்திருந்தா பாத்திருப்பேன். கட் சொல்றதுக்கு முன்னாடி திறக்கக் கூடாதுன்னு மூடியே வச்சிருந்தேன்."